வாசலுக்கு வரும் ஒளியிழை

மலாக்கா நகருக்கு வடமேற்கே உள்ள ஊர் புக்கிட் ரம்பாய். புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் என்பது ஒரு பழமரம். பெயரில் குன்றும் மரமும் இருந்தாலும், இன்று அவ்வட்டாரத்தில் தொழிற்பேட்டையும் கம்பங்களும் புதிய தாமான்களும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன.

இத்தகைய ஊர்களில் ஒரு காட்சியை இப்போது அடிக்கடி காணலாம். காலையில் வாசற்கதவைத் திறக்கும் வீட்டார், சாலையோரத்தில் செம்மஞ்சள் நிறக் கூம்புகள் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். பெரிய சுருளாகச் சுற்றிய நெகிழிக் குழாய் ஒன்று லாரியிலிருந்து இறக்கப்படுகிறது. வேலிக்கு வெளியே அவர் நட்டு வளர்த்த கருவேப்பிலைச் செடியின் அருகே மண்வெட்டி விழுகிறது.

“யாரைக் கேட்டு இங்கே தோண்டுறீங்க?” என்று அவர் கேட்கிறார்.

“இணையக் கம்பி போடுறோம். அனுமதி இருக்கு,” என்கிறார் மேற்பார்வையாளர்.

இருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதிவேக இணையம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டவர்கள் ஊர் மக்கள்தாம். அதற்காக மண்ணைத் தோண்டும்போது செடியோ குழாயோ சிமெண்டுத் தரையோ சேதமாகிவிடுமோ என்று அஞ்சுவோரும் அவர்களே. இந்த அச்சம் பூசலாக முற்றாமல் இருக்க வேண்டுமெனில், வேலை தொடங்கும் முன்பே வீட்டார் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

ஒளியிழை என்பது என்ன?

முன்பு வீடுகளுக்குத் தொலைபேசியையும் இணையத்தையும் கொண்டு வந்தவை செப்புக் கம்பிகள். அவற்றில் செய்தி மின்துடிப்பாகச் சென்றது. தொலைவு கூடக்கூட அந்தத் துடிப்பு வலுவிழந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வெகுதொலைவில் இருந்த வீடுகளில் இணையம் மெதுவாக இயங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒளியிழையில் செய்தி ஒளியாகச் செல்கிறது. மிகத் தூய்மையான கண்ணாடியை இழையாக இழுத்து இதனைச் செய்கிறார்கள். உறை நீங்கலாக அந்த இழையின் குறுக்களவு 125 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி செல்லும் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. உட்கருவைச் சுற்றியுள்ள கண்ணாடி ஒளியை வெளியேறவிடாமல் மீண்டும் மீண்டும் உள்ளே திருப்புகிறது. ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் இழைக்குள் பயணம் செய்கிறது.

தூய்மையான கண்ணாடி இழையின் வழியாக நெடுந்தொலைவுக்குச் செய்தியை அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டில் அறிவியல் அடிப்படையில் விளக்கியவர் சார்லஸ் காவ். ஷாங்காயில் பிறந்த இவருக்கு 2009ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று நாடுகளை இணைக்கும் கடலடி வடங்களும் ஒளியிழையால் ஆனவையே. 2005ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய கடலடி வடம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் நகர் வரை செல்கிறது. அது கரையேறும் இடங்களுள் மலாக்காவும் உண்டு. கொழும்பும் சென்னையும் உண்டு. ஆகவே, தாமான் சாலையோரத்தில் புதைக்கப்படும் மெல்லிய வடம், கடலுக்கு அப்பால் வரை நீளும் பெரிய வலையின் கடைசிக் கிளையாகும்.

மலாக்காவிற்கு வந்த வழி

மலேசிய அரசாங்கமும் டெலிகாம் மலேசியா நிறுவனமும் 2008ஆம் ஆண்டில் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்திற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 11.3 பில்லியன் ரிங்கிட் மதிப்புடைய அத்திட்டத்தின் பயனாக, 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யூனிஃபை சேவை அறிமுகமானது. தொடக்கத்தில் அது கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளுக்கு மட்டுமே கிடைத்தது. அப்போதைய வேகம் விநாடிக்கு 5, 10, 20 மெகாபிட் என்று இருந்தது.

மலாக்கா மாநிலத்திலும் ஒரு முன்னோடி முயற்சி நடைபெற்றது. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தெனாகா நேஷனல் நிறுவனம் ஜாசினில் ஏறத்தாழ 1,100 வீடுகளையும் கட்டடங்களையும் ஒளியிழையால் இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. மின்சாரத்தை வீடுதோறும் கொண்டு செல்லும் நிறுவனத்திடம் ஏற்கெனவே ஒளியிழைத் தடங்கள் இருந்தன. இருப்பதைப் பயன்படுத்தினால் புதிதாகத் தோண்ட வேண்டிய இடம் குறையும் என்பது இதிலுள்ள நன்மையாகும்.

பின்னர், 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜென்டெலா என்னும் தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது கோவிட்-19 பெருந்தொற்றுக் காலம். பாடங்கள் இணையத்திற்கு மாறியிருந்தன. சபாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மீது தங்கிய செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதிக்குள் 75 இலட்சம் வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் கிகாபிட் வேக இணைப்புக் கிடைக்கச் செய்வது ஜென்டெலாவின் முதற்கட்ட இலக்காக இருந்தது.

ஜென்டெலா என்பது மலாய்மொழியில் சன்னலைக் குறிக்கும். மலாய்ச் சொல்லும் தமிழில் நாம் வழங்கும் சன்னல் என்ற சொல்லும் ‘ஜனேலா’ என்னும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. 1511 முதல் 1641 வரை போர்த்துகீசியர் ஆண்ட மலாக்காவில் இப்பெயர் பொருத்தமாகவே ஒலிக்கிறது.

வடம் எவ்வழியே வருகிறது?

தொலைபேசி நிலையத்திலிருந்து பெரிய வடம் ஒன்று ஊருக்குள் வந்து, சாலையோரத்தில் நிற்கும் பெட்டகம் ஒன்றை அடைகிறது. அங்கே ஒளி பல கிளைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓர் இழையிலிருந்து பொதுவாக 32 வீடுகள் வரை இணைப்புத் தரலாம். பிரிந்த இழைகள் கம்பத்தின் உச்சியிலோ தரைக்கடியில் உள்ள குழியிலோ இருக்கும் சிறு பெட்டிக்குச் செல்கின்றன. அங்கிருந்து ஒரு மெல்லிய வடம் வீட்டுச் சுவருக்கு வருகிறது.

இவ்வடத்தைக் கொண்டு செல்லப் பல முறைகள் உள்ளன. ஏற்கெனவே உள்ள கம்பங்களில் கட்டுவது எளிய முறை. இதில் தோண்டும் வேலை குறைவு. ஆனால், மரக்கிளை விழுந்தாலோ உயரமான லாரி இடித்தாலோ வடம் அறுந்துவிடலாம். சாலையோரத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டிக் குழாயைப் புதைப்பது மற்றொரு முறை. சாலையின் ஓரத்தில் சில சென்டிமீட்டர் அகலத்தில் மட்டும் வெட்டி, வடத்தை இறக்கி மூடும் முறையும் உண்டு.

நான்காவது முறையில் ஓர் இடத்தில் குழி வெட்டி, பொறியின் உதவியால் தரைக்கடியிலேயே கிடையாகத் துளையிட்டு, வேறோர் இடத்தில் வெளியே வருகிறார்கள். சாலையையும் வாசற்பாதையையும் உடைக்காமல் கடக்க இது உதவுகிறது. எனினும், துளையிடும் முனை மேலிருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே தண்ணீர்க் குழாயோ மின்வடமோ எங்கே இருக்கிறது என்பதை முன்னதாகக் கண்டறியாமல் துளையிட்டால் பெருஞ்சேதம் நேரலாம். எனவே, தரைக்கடியில் உள்ளவற்றை ஆராய்ந்து குறித்துக்கொள்வது குத்தகையாளரின் முதல் வேலையாகும். புல்தரையிலும் சாலையிலும் திடீரெனத் தோன்றும் வண்ணக் கோடுகளும் அம்புக்குறிகளும் பெரும்பாலும் அந்த ஆய்வின் அடையாளங்களே. வேலை முடியும்வரை அவற்றை அழிக்கக் கூடாது.

நிலம் யாருடையது?

சாலையோரப் பூசல்கள் பலவற்றிற்கு எல்லையைப் பற்றிய தெளிவின்மையே வேராக உள்ளது. வேலி இருக்கும் இடமே எல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையான எல்லையைக் காட்டுவது நிலப்பட்டாவோடு இணைந்த வரைபடமும் தரையில் பதிக்கப்பட்ட எல்லைக்கல்லும்தான். எல்லைக்கல்லைப் பிடுங்குவதும் இடம் மாற்றுவதும் சட்டப்படி குற்றமாகும்.

சாலையின் தாருக்கும் வீட்டின் எல்லைக்கும் இடையே ஒரு துண்டு நிலம் இருக்கும். இது பெரும்பாலும் சாலைக்கென ஒதுக்கப்பட்ட நிலம். தண்ணீர்க் குழாய், மின்வடம், கால்வாய், தொலைத்தொடர்பு வடம் ஆகியவை செல்வதற்காகவே இது விடப்பட்டுள்ளது. அங்கே வீட்டார் புல் வளர்த்திருக்கலாம். வாழையும் கருவேப்பிலையும் நட்டிருக்கலாம். வாகனம் ஏறுவதற்குச் சிமெண்டுச் சரிவு அமைத்திருக்கலாம். பல ஆண்டுகள் பராமரித்ததால் அந்த நிலம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. ஊராட்சி மன்றமோ பொதுப்பணித் துறையோ அனுமதி அளித்திருந்தால் அங்கே வேலை நடைபெறும்.

அதனால் வீட்டாருக்கு எந்த உரிமையும் இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி அவர் கேட்கலாம். வாசற்பாதை எத்தனை நாள் மறிக்கப்படும் என்று கேட்கலாம். முதியோரும் நோயாளிகளும் இருக்கும் வீடாயின், வாகனம் வந்துபோகத் தற்காலிக வழி அமைத்துத் தரும்படி கோரலாம்.

எல்லைக்கு உள்ளே நிலைமை வேறு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் தொலைத்தொடர்புக் கட்டமைப்பு நிறுவனங்களுக்குத் தேவையான பணிகளுக்காக நிலத்தைப் பயன்படுத்தும் சில அதிகாரங்களைத் தந்துள்ளது. அதே சட்டம் அந்நிறுவனங்களுக்குக் கடமைகளையும் விதித்துள்ளது. நில உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இயன்றவரை குறைந்த சேதத்துடன் வேலை செய்ய வேண்டும். வேலைக்குப் பின் நிலத்தைச் சீர்படுத்த வேண்டும். ஆகவே, வீட்டிற்கு வரும் அறிவிப்புக் கடிதத்தை விளம்பரத் தாள் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள நாள், இடம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

மலாக்காத் தமிழர்களுக்கு இந்த எல்லைச் செய்தி மிகவும் முக்கியமானது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவர்கள் வாழ்ந்த வீடும் அது நின்ற நிலமும் தோட்ட நிறுவனத்துக்கு உரியவை. வேலி எங்கே, எல்லைக்கல் எங்கே என்று அறிய வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

இன்று பல குடும்பங்கள் தாமான்களில் சொந்த வீடு வாங்கியுள்ளன. சில குடும்பங்களில் நிலப்பட்டா என்பதையே முதன்முதலாகப் பார்த்த தலைமுறை இதுதான். பட்டாவைப் பத்திரமாக அலமாரியில் பூட்டி வைப்பதோடு நின்றுவிடாமல், அதிலுள்ள வரைபடத்தைப் படிக்கவும் பழக வேண்டும். தமிழோடு மலாய்மொழியையும் நன்கு கற்ற பிள்ளைகள் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் அதனைப் படித்துக் காட்டலாம்.

இன்னமும் தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர், ஒளியிழை இணைப்புக்குத் தோட்ட நிருவாகத்தின் இசைவு தேவை என்பதை அறிந்திருக்க வேண்டும். தனித்தனியாகக் கேட்பதைவிட, குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டு நிருவாகத்திடம் விண்ணப்பம் கொடுப்பது பயன்தரும். வாடகை வீட்டில் இருப்போரும் சுவரில் துளையிடும் முன் வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டும் நடைவழியும் பொதுச் சொத்து என்பதால், அங்கே நிருவாகக் குழுவின் அனுமதி தேவைப்படும்.

வேலைக்கு முன்

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பார்கள். வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டின் முன்புறத்தைப் படம் எடுத்து வைப்பது. வேலி, வாயிற்கதவு, சிமெண்டுச் சரிவு, கால்வாய், செடிகள் ஆகிய அனைத்தும் தெளிவாகத் தெரியும்படி, நாளும் நேரமும் பதிவாகும் வகையில் படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் மறைக்காமல் எடுக்க வேண்டும். பின்னாளில் எது பழைய விரிசல், எது புதிய விரிசல் என்று இரு தரப்பாரும் நியாயமாக முடிவுசெய்ய அப்படங்களே உதவும்.

இரண்டாவது, தன் வீட்டுக்குரிய குழாய்கள் எங்கே செல்கின்றன என்று தெரிந்துகொள்வது. சாலையில் செல்லும் பெரிய தண்ணீர்க் குழாய் மலாக்கா நீர் நிறுவனத்தின் வரைபடத்தில் இருக்கும். ஆனால், நீர் அளவியிலிருந்து வீட்டுக்குள் செல்லும் குழாய் வீட்டாருக்குரியது. வீட்டைப் புதுப்பித்தபோது வாயிற்கதவுக்குப் புதைத்த மின்கம்பி, தோட்டத்துக்குப் போட்ட தண்ணீர்க் குழாய், மாற்றியமைத்த கழிவுநீர்க் குழாய் ஆகியவை எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் இருப்பதில்லை. அவற்றை அறிந்தவர் வீட்டார் மட்டுமே. ஒரு தாளில் எளிய படம் வரைந்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தால் பல சேதங்களைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, வந்திருப்பவர் யார் என்று உறுதிசெய்வது. வேலை நடக்கும் இடத்தில் திட்டத்தின் பெயர், குத்தகையாளர், தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்டும் அறிவிப்புப் பலகை உள்ளதா என்று பார்க்கலாம். அடையாள அட்டை இல்லாதவரை வீட்டுக்குள் விடக் கூடாது. இணைப்புக்கான கட்டணத்தை வாசலில் நிற்பவரிடம் ரொக்கமாகக் கொடுக்காமல், நிறுவனத்தின் முறையான வழியில் செலுத்த வேண்டும்.

வேலை நடக்கும்போது

பள்ளம் திறந்திருக்கும் நாள்களில் பாதுகாப்பே முதன்மையானது. மலாக்காவில் பிற்பகல் மழை கொட்டினால் பள்ளம் சிறிது நேரத்தில் நீரால் நிரம்பிவிடும். சேற்று நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. மழையில் ஊறிய மண் ஓரம் சரிந்து விழவும் கூடும். ஆகவே, சிறுவர்களைப் பள்ளத்தின் அருகே விளையாட விடக் கூடாது. இரவில் தடுப்பும் எச்சரிக்கை விளக்கும் இல்லையெனில், மேற்பார்வையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

தோண்டிய மண் கால்வாயில் விழுந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அடைபட்ட கால்வாயில் நீர் தேங்கினால் மழைக்காலத்தில் வாசல்வரை வெள்ளம் ஏறும். வெட்டி எறிந்த குழாய்த் துண்டுகளிலும் மூடாத குழிகளிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் பரவும் நாட்டில் இதனைச் சிறு செய்தியாகக் கருத முடியாது.

தண்ணீர்க் குழாய் உடைந்தால் நீர் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மின்வடம் வெளியே தெரிந்தால் அதனைத் தொடாமல், அருகில் எவரையும் போகவிடாமல், மின்சார நிறுவனத்தை அழைக்க வேண்டும். ஒளியிழையில் மின்சாரம் பாய்வதில்லை. எனினும், அறுந்த முனையை உற்றுப் பார்க்கக் கூடாது. அதில் செல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியவில்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணக் கூடாது. உடைந்த கண்ணாடித் துகள்களும் தோலில் எளிதில் ஏறிவிடும். அவற்றை எடுத்து விளையாடும் சிறுவர்களைத் தடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் வரும் வடத்திலும் கவனம் தேவை. அடுத்த வீட்டுக் கூரையின் மேல் வடத்தை இழுத்துச் செல்வது பின்னர் அண்டைவீட்டாரோடு மனத்தாங்கலை உண்டாக்கும். சுவரில் எந்த இடத்தில் துளையிடப் போகிறார்கள் என்பதை முன்னரே பேசி முடிவுசெய்ய வேண்டும். ஒளியிழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து இணைப்பு வலுவிழக்கும். மேலும் வளைத்தால் இழையே முறிந்துவிடும். எனவே, அலமாரிக்கும் சுவருக்கும் இடையே அது நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்குப் பின்

பள்ளத்தை மூடியதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. நன்கு இறுக்கப்படாத மண், சில மழைக்குப் பிறகு கீழே இறங்கும். அப்போது சாலையோரத்தில் நீளமான தாழ்வு தோன்றும். சிமெண்டுத் தரையில் விரிசல் விழும். மோட்டார்சைக்கிளில் செல்வோர் இத்தகைய தாழ்வில் தடுமாறி விழ நேரிடலாம். ஆகவே, வேலை முடிந்த அன்றும் சில வாரங்கள் கழித்தும் வீட்டின் முன்புறத்தைப் பார்த்து, முன்பு எடுத்த படங்களோடு ஒப்பிட வேண்டும்.

குறை இருந்தால், சாலையில் நின்று கத்துவதைவிட எழுதிக் கொடுப்பதே சிறந்தது. முதலில் குத்தகையாளருக்கும் அவரை நியமித்த நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். சாலையோர நிலமாயின் ஊராட்சி மன்றத்துக்கும் தெரிவிக்கலாம். தக்க பதில் கிடைக்கவில்லையெனில், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். நாள், இடம், சேதம், படம், எதிர்பார்க்கும் தீர்வு ஆகிய ஐந்தும் உள்ள கடிதத்தைப் புறக்கணிப்பது கடினம். பள்ளியில் கற்கும் முறையீட்டுக் கடிதம் இத்தகைய வேளையில் வீட்டுக்குக் கைகொடுக்கிறது.

குத்தகையாளரிடமும் மரியாதையோடு பேச வேண்டும். வெயிலில் பள்ளம் வெட்டும் தொழிலாளி அனுமதி கொடுத்தவரும் அல்லர். பாதையைத் தீர்மானித்தவரும் அல்லர். ஒரு காலத்தில் நம் முன்னோரும் பிறருடைய நிலத்தில், பிறர் இட்ட வேலையை வெயிலில் செய்தவர்கள்தாம். கேள்வியை மேற்பார்வையாளரிடம் கேட்டு, தொழிலாளிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது நம் பண்பு.

ஒளியிழை ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை, தெருவுக்கே வருகிறது. ஒருவர் வாசலைத் தாண்டிச் செல்லும் வடம்தான் அதற்கடுத்த வீட்டு மாணவியின் இணைய வகுப்புக்கும், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் தாயின் தொழிலுக்கும் உதவுகிறது. அந்தப் பொது நன்மைக்கு வழிவிடுவது வீட்டாரின் கடமை. தோண்டிய மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது நிறுவனத்தின் கடமை. எல்லையையும் சட்டத்தையும் அறிந்த வீட்டார் தம் கடமையைச் செய்வதோடு, நிறுவனமும் தன் கடமையைச் செய்யுமாறு உரிமையோடு கேட்க முடியும்.